‘எங்க’ என்று கேட்காத வீடு

ரப்பர் தவளையும் செத்த இறாலும் ஒரே பெட்டிக்குள் கிடந்து வெயிலில் வெந்தால் என்ன வாடை வருமோ, அதுதான் எங்கள் வீட்டு வாடை. மற்றவர்கள் வீட்டுக்குள் நுழைந்தால் ஊதுபத்தி மணக்கும், தாளிப்பு மணக்கும், ஒன்றுமில்லாவிட்டால் அழுக்குத் துணியாவது நாறும். எங்கள் வீட்டில் கதவைத் திறந்ததும் அப்பாவின் தூண்டில் பெட்டிதான் மூக்கில் வந்து குத்தும். என் பள்ளிக்கூடச் சட்டையில்கூட அந்த நெடி ஏறியிருந்ததால், வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்து உட்காருவாள். நானும் விடாமல் நகர்ந்துபோய் அவளை ஒட்டி உட்காருவேன். இன்றைக்கும், நான் இருக்கிற ஈப்போ டவுனில் மீன்பிடிச் சாமான் விற்கிற கடை எதையாவது தாண்டிப் போக நேர்ந்தால் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடப்பேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மீன் பிடிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பொறுமைக்குப் பயிற்சி, இயற்கையோடு ஒன்றியிருப்பது என்று யாராவது என்னிடம் ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன்.

மலேசியாவில் பத்து காஜா என்கிற ஊருக்கு வெளியே, ரப்பர் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது தோட்டத்து ஆட்களுக்கென்று ஓர் ஓரத்தில் கட்டிக்கொடுத்த மலிவு வீட்டு வரிசையில் நாங்கள் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் செம்பனை, முன்னால் சிவப்பு மண் ரோடு, ரோட்டைத் தாண்டினால் லம்பம். ஈயம் தோண்டி எடுத்தவர்கள் அப்படியே போட்டுவிட்டுப் போன பள்ளங்களில் மழைத்தண்ணீர் தேங்கித் தேங்கிக் குளமாகிப்போனதைத்தான் எங்கள் பக்கத்தில் ‘லம்பம்’ என்பார்கள். ஒன்றா இரண்டா, இடையில் மணல் மேடும் லாலான் புல்லுமாக, கண்ணுக்கு எட்டிய வரைக்கும் லம்பம்தான். தாத்தா அந்தத் தோட்டத்தில் மரம் சீவியவர். அப்பா ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தார். வேலை இல்லாத நாளில் அவருக்கு மனைவி கிடையாது, மகள் கிடையாது, லம்பம்தான்.

அதுவும் குழம்புக்கு ஆகிற சாதாரண மீன் பிடிப்பதெல்லாம் அவருக்குக் கேவலம். கெளுத்திக்கும் ஜிலேபிக்கும் தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்தால், “பொழப்பத்தவனுங்க” என்பார். அவருக்கு வேண்டியது ‘ராஜா’. எந்த நாட்டு மீனோ, யாரோ கொண்டுவந்து லம்பத்தில் விட, அது பெருகி உள்ளூர் மீனையெல்லாம் தின்று கொழுத்துக் கிடந்தது. தங்க நிற உடம்பில் கறுப்புப் பட்டை, சிவந்த கண், வாலில் இன்னொரு கண்ணை வரைந்தாற்போல் ஒரு பொட்டு. உயிருள்ள இரையெல்லாம் அப்பா போட மாட்டார். அது சோம்பேறிகள் வேலையாம். பெட்டியில் இருந்த ரப்பர் தவளையும் இறாலும் தோமான் என்கிற பெரிய விரால் மீனுக்கு என்று அவருடைய நண்பர்கள் கொடுத்துவிட்டுப் போனவை, பெட்டியிலேயே மறந்து கிடந்து நாறியவை. ராஜாவுக்குப் பொய்மீன்தான். மரத்தில் செய்து, வர்ணம் பூசி, வயிற்றில் முள் தொங்கவிட்ட பொய்மீன். அதில் தண்ணீர்மேல் ‘பொளக், பொளக்’ என்று சத்தம் போட்டுக்கொண்டு வருவதற்கு ‘பொப்பர்’ என்று பெயர்.

தோட்டத்து மரங்களை வெட்டிச் சாய்த்தபோது எல்லாரும் விறகு பொறுக்கினார்கள். அப்பா ஒரு கிளையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வந்து, நிழலில் காயவைத்து, வருடக்கணக்கில் அதிலிருந்து பொப்பராகச் செதுக்கித் தள்ளினார். செதுக்கிய தூள் சோற்றில் விழும். வர்ணம் காய்வதற்கு அம்மாவின் துணிக்கயிற்றில் என் பாவாடைக்கும் அவள் சேலைக்கும் நடுவில் பொய்மீன்கள் வரிசையாகத் தொங்கும், துணி எடுக்கப் போனால் முள் குத்தும். ஒரு தடவை சிவப்பு வர்ணம் தீர்ந்துபோனது என்று அம்மாவின் நகப்பாலிஷை எடுத்து ஒரு பொப்பரின் தலையில் முழுக்கப் பூசினார். அம்மாவிடம் இருந்த ஒரே ஆடம்பரப் பொருள் அது, தீபாவளிக்கு வாங்கியது. “மீனுக்கு அலங்காரம் பண்றீங்களா?” என்று சிரித்தாள் அவள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன், சொட்டுகூட இல்லை.

தூண்டில் நரம்பைத் ‘தங்சி’ என்பார். சுருளில் புதுத் தங்சி சுற்றுகிற நாளில் வீட்டில் யாரும் நடமாடக்கூடாது. நான் ஈரத்துணியால் நரம்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும், அவர் கூடத்தில் உட்கார்ந்து சுற்றுவார், பிடி தளர்ந்தால் ஒரு வசவு, இறுகினால் இன்னொன்று. முடிச்சுப் போட்டால் எச்சிலில் நனைத்துத்தான் இறுக்குவார். முள்ளை அரத்தால் தீட்டி, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் மறுபடி தீட்டுவார், நகத்தில் ஏறி நின்றால்தான் திருப்தி. சாயங்காலமானால் ரோட்டில் காலிப் பால்டின்னை வைத்துவிட்டு, தூரத்திலிருந்து ஈயக்குண்டை எறிந்து அதற்குள் விழவைத்துப் பழகுவார். தோளால் எறியக்கூடாதாம், மணிக்கட்டைச் சுண்டினால் போதுமாம். அக்கம்பக்கத்து ஆண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்து, “அண்ணே, பவர் லா!” என்பார்கள். அந்த நேரத்தில் அம்மா ரோட்டுக் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வழி கேட்டுப் போய்க்கொண்டிருப்பாள். சுண்டுகிற மணிக்கட்டால் ஒரு வாளியையும் அவர் தூக்கிப் பார்த்ததில்லை.

அவர் மீனுக்குக் கிளம்புகிற காலை நேரத்தைப் பற்றிச் சொன்னால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் நம்ப மாட்டார். முதல் நாளே குளித்துவிட வேண்டும், கிளம்புகிற அன்று குளித்தால் ‘அதிர்ஷ்டம் கழுவிப்போயிரும்’. கழுத்துப்பட்டை கிழிந்த ஒரு நீலத் தொழிற்சாலைச் சட்டை, அதைத் துவைக்கவே கூடாது. தூண்டில் கம்பை நான் தாண்டக்கூடாது, அம்மா விலக்கான நாட்களில் தொடக்கூடாது. முனியாண்டி படத்துக்கு முன்னால் கம்பை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, வலது காலை வெளியே வைத்து, “வாரேன்” என்று ஒரே வார்த்தை சொல்லுவார். ‘போறேன்’ என்று சொல்லக்கூடாது என்பது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் அதற்கும் மேலே ஒன்று இருந்தது. கிளம்புகிறவரைப் பார்த்து யாரும் ‘எங்க’ என்று கேட்டுவிடக் கூடாது.

இதுவும் எல்லாத் தமிழ் வீட்டிலும் சொல்லுவதுதான், தெரியாமல் இல்லை. போகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பார்கள். நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள், கேட்டவனைத் திட்டிவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். ஆனால் அப்பாவுக்கு இது வெறும் சகுனம் இல்லை, சௌகரியமும்கூட. மீன் பிடிக்கிறவர்கள் தாங்கள் போகிற இடத்தை ‘போர்ட்’ என்பார்கள், அதை அடுத்தவனுக்குச் சொன்னால் அடுத்த வாரம் அங்கே பத்துப் பேர் நிற்பார்களாம். அதனால் நண்பர்களிடம் பொய் சொல்லுவார், தன் பழைய வேனைக்கூட ரோட்டிலிருந்து தெரியாதபடி லாலான் புல்லுக்குள் ஓட்டி மறைத்து நிறுத்துவார். பொண்டாட்டிக்குச் சொன்னால் அவள் பைப்படியில் சொல்லிவிடுவாள் என்று பயம். அம்மாவோ அதைச் சகுனமாகவே நம்பினாள். சோறு கட்டிக் கொடுப்பாள், கோப்பி ஊற்றிக் கொடுப்பாள், வேன் திரும்புகிற வரைக்கும் வாசலில் நிற்பாள். எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்காமல் இருப்பதற்காக, அது முனைக்குப் போனதும் தலையைக் குனிந்துகொள்வாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதையெல்லாம் பெரிய ரகசியம் காக்கிற வீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கூறுகெட்ட கழுதை.

ராஜா பிடிப்பதில் அப்பாவின் ‘டெக்னிக்’ ஒன்று இருந்தது. நண்பர்கள் வந்து குந்தினால் கோப்பி ஆறும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். ராஜா பசிக்கு மட்டும் கடிப்பதில்லை. குஞ்சு பொரித்த காலத்தில் ஆணும் பெண்ணும் இரை எடுக்காமல் குஞ்சுக் கூட்டத்தைச் சுற்றிக் காவல் காக்கும். தண்ணீர்மேல் மழை தூறுவதுபோல் ஓர் இடம் மட்டும் சிலிர்த்துக்கொண்டிருக்கும், அது குஞ்சுக் கூட்டம். பொப்பரை அதற்கு அந்தப் பக்கம் எறிந்து, நேராகக் குஞ்சுகளுக்கு நடுவில் இழுத்துவர வேண்டும். “பசின்னா அது யோசிக்கும்டா. புள்ள மேல கைய வச்சா யோசிக்காது, பாஞ்சி வந்து அடிக்கும். அந்த நேரத்துல அதுக்கு முள்ளும் தெரியாது, ஒண்ணும் தெரியாது” என்று சொல்லிவிட்டு, தொடையில் அடித்துச் சிரிப்பார். தாயும் தகப்பனும் போன பிறகு குஞ்செல்லாம் என்ன ஆகும் என்று நான் ஒரு தடவை கேட்டேன். “மத்த மீன் தின்னுரும்” என்றார், முள்ளைத் தீட்டிக்கொண்டே.

எனக்குப் பிறகு அம்மாவுக்குப் பிள்ளை தங்கவில்லை. கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டு, நான் நாலாவது படிக்கும்போது மறுபடியும் உண்டானாள். அந்த வருடம் தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தபோது அவளுக்கு மாதம் நிறைந்திருந்தது. வரிசையில் இருந்த அத்தனை பேரும் காலையிலேயே லாரியில் ஏறிப் போய்விட்டார்கள், போன் வைத்திருந்த பக்கத்து வீட்டு லெட்சுமி அத்தையும் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பாவுக்கு அன்றைக்கு வேலை இல்லை. ஊரே கோயிலில் இருக்கும், லம்பம் காலியாக இருக்கும், இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று அவர் கணக்கு. நீலச் சட்டையைப் போட்டார், கம்பை ஒற்றிக்கொண்டார், “வாரேன்” என்றார். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, வேன் முனைக்குப் போனதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

மதியத்துக்குமேல் அவள் குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் சிமெண்டுத் தரையெல்லாம் ரத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள், “பாப்பா, ஓடு, அப்பாவ கூட்டியா” என்றாள். நான் சைக்கிளை எடுக்க ஓடி, பாதி வழியில் திரும்பி வந்து, “எங்கம்மா இருக்காரு?” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, “கேக்கலியேடி. கேக்கக்கூடாதுல்ல” என்றாள்.

எந்த லம்பம் என்று தேடுவது? சிவப்பு மண் ரோட்டில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், ஒவ்வொரு கரையிலும் இறங்கி, வேன் தெரிகிறதா என்று பார்த்தேன். வேன்தான் லாலானுக்குள் மறைந்து நிற்குமே, எப்படித் தெரியும். அதனால் கத்தினேன். “அப்பா! அப்பா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன், எதிர்க்கரை மணல் மேட்டில் பட்டு என் குரலே திரும்பி வந்தது. துருப்பிடித்த பம்புக் கொட்டகை ஒன்று நின்ற லம்பத்தில் ரொம்ப நேரம் நின்று கத்தினேன், ஏனோ அங்கேதான் இருப்பார் என்று தோன்றியது. அங்கேயும் பதில் இல்லை. குரல் அடைத்துப்போய், மூக்கு ஒழுக, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தபோது ‘பாம் பாம்’ என்று ஹார்னை அமுக்கிக்கொண்டு ரொட்டி பாய் மோட்டார் சைக்கிளில் வந்தார். வீடு வீடாக ரொட்டி விற்கிறவர், தினம் அந்த வழியாக வருகிறவர்.

“என்னம்மா, யாரு அடிச்சா?”

“அம்மாவுக்கு ரத்தம் வருது பாய்.”

“யா அல்லா. அப்பா எங்க?”

“தெரியாது பாய். கேக்கக்கூடாது.”

அவருக்கு என்ன புரிந்ததோ, என் சைக்கிளைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்தார். அப்புறம் என்னைத் தூக்கிப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, ரொட்டிக் கூடையை அப்படியே எங்கள் வாசலில் இறக்கிவைத்துவிட்டு, முச்சந்திக் கடைக்குப் பறந்து போய் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினார். அம்மாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மா பிழைத்தாள். தம்பி பிழைக்கவில்லை. முடி கருகருவென்று இருந்ததாம், அப்பா ஜாடையாம். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று யாரோ சொன்னதைக் கேட்டுவந்து லெட்சுமி அத்தை தன் வீட்டில் பேசிக்கொண்டிருந்தது சுவர் வழியே எனக்குக் கேட்டது.

பொழுது சாயும் நேரத்தில் வேன் வந்தது. திருவிழாவுக்குப் போனவர்கள் திரும்பி வந்து எங்கள் வாசலில் கூடி நின்றார்கள். அப்பா அந்தக் கூட்டத்தைப் பார்த்து, தன் மீனைப் பார்க்கத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்! சத்தியமாக அப்படித்தான் நினைத்தார். வேனின் பின்கதவைத் திறந்து, அவர் வாழ்நாளில் பிடித்ததிலேயே பெரிய ராஜாவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, “மல்லி! தொட்டியில தண்ணி புடி, மல்லி!” என்று அம்மாவின் பெயரைச் சொல்லி உள்ளே பார்த்துக் கூவினார். மீனின் வாயோரத்தில் அம்மாவின் நகப்பாலிஷ் பூசிய சிவப்புத்தலைப் பொப்பர் தொங்கிக்கொண்டிருந்தது. லெட்சுமி அத்தைதான் முன்னால் போய்ச் சொன்னார். அப்பா மீனோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அழுதார், தலையில் அடித்துக்கொண்டார், எல்லாம் செய்தார். நான் எங்கே போயிருந்தேன், ஏன் என் குரல் அடைத்திருக்கிறது, கால் ஏன் சிவப்பு மண்ணாக இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில்தான் அந்தக் கேள்வி கிடையாதே. மறுநாள் நாறிப்போன மீனை நான்தான் இழுத்துப்போய்ச் சாக்கடையில் தள்ளினேன். பொப்பரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மா எடுத்து, பார்த்து, அதே சாக்கடையில் போட்டாள். அந்தப் பொப்பர் பிடித்த முதல் மீனும் கடைசி மீனும் அதுதான்.

கொஞ்ச காலம் கம்பு பரணில் கிடந்தது. அப்புறம் ஒரு காலையில் “மனசு சரியில்ல மல்லி” என்று சொல்லிக்கொண்டு அதை எடுத்துத் துடைத்தார். அம்மா சோறு கட்டினாள். அவள் சோறு கட்டியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தண்ணீர் தூக்குகிற வாளியால் அவர் மண்டையில் போட்டிருந்தாள் என்றால் என் வயிறு குளிர்ந்திருக்கும். அவர் கம்பை ஒற்றிக்கொண்டு வலது காலை எடுத்து வெளியே வைத்தார். “வாரேன்” என்றார். நான் அடுப்படியிலிருந்து, வீதிக்கே கேட்கிற மாதிரி கேட்டேன்:

“எங்கப்பா போறீங்க?”

அப்பா திரும்பி வந்து கன்னத்தில் ஒன்று விட்டார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், முதலிலிருந்து எல்லாவற்றையும் ஆரம்பித்தார். படம், கம்பு, நெற்றி, வலது கால், வாரேன். “எங்கப்பா போறீங்க?” இன்னொன்று விழுந்தது. அம்மா என் வாயைப் பொத்தினாள். “கேக்காதடி, போற காரியம் கெட்டுரும்” என்று காதில் கெஞ்சினாள். “கெடட்டும்” என்றேன், அவள் விரலைக் கடித்துக்கொண்டு.

அன்றிலிருந்து எங்களுக்குள் சண்டை. நான் பள்ளிக்குப் போன பிறகு கிளம்பிப் பார்த்தார், வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். விடிவதற்குள் கிளம்பிப் பார்த்தார், ஜன்னலோரமாகப் பாய் போட்டுத் தூங்கினேன். வேன் சத்தம் கேட்கக்கூடாது என்று முனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார், வியர்த்து விறுவிறுத்து ஏறி உட்காரும் நேரத்தில், சாக்கடைக் கட்டையில் உட்கார்ந்திருந்த நான், “எங்கப்பா போறீங்க?” என்றேன். மிளகுத்தூளை மூக்கில் இழுத்துத் தும்மியும் இருக்கிறேன். அடி வாங்காத இடம் உடம்பில் இல்லை. மீன் கிடைக்காமல் வருகிற நாளெல்லாம் “வாய வச்சிட்டா, விளங்குமா?” என்று என்னைத்தான் குற்றம் சொல்லுவார். எனக்குக் ‘கருநாக்கு’ என்று பெயர் வைத்தார். அவர் நண்பர்களும் அதையே பிடித்துக்கொண்டு, “அண்ணே, ஒங்க வீட்டு கருநாக்கு இன்னிக்கி கேட்டுச்சா?” என்று விசாரித்துவிட்டுத்தான் தங்கள் கம்பை எடுப்பார்களாம். பெருமையாக இருக்கும் எனக்கு. ஆனால் ஒரு நாளும், ஒரே ஒரு நாளும், நான் கேட்டதற்கு அவர் பதில் சொன்னதில்லை. கேள்வியைத் திட்டுவார், கேட்ட வாயில் அடிப்பார், எங்கே என்று மட்டும் சொல்ல மாட்டார்.

அம்மா போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகிறது. கடைசி வரைக்கும் அவள் அவரை எங்கே என்று கேட்கவில்லை. மீன் சாப்பிடுவதை மட்டும் விட்டிருந்தாள், அது கோபமா வேண்டுதலா என்று யாருக்கும் சொல்லவில்லை. இப்போது அப்பா ஈப்போவில் என் வீட்டில் இருக்கிறார். ஒற்றைப் பிள்ளை, வேறு யார் வைத்துக்கொள்வது? வரும்போதே சொல்லிவிட்டேன், ஆள் வரலாம், பெட்டி வரக்கூடாது. பெட்டியையும் கம்பையும் பழைய சாமான்காரன் எடுத்துக்கொண்டு போனபோது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பிணம் எடுப்பதுபோல. பார்க்கட்டும் என்றுதான் விட்டேன்.

லம்பங்களைக் காணோம். மண் கொட்டி மூடி, மேலே இரண்டு மாடி வீடுகள் எழும்பிவிட்டன, வீதிக்கெல்லாம் பூப் பெயர். சிவப்பு மண் ரோடு தாராகிவிட்டது, மணல் மேட்டை எங்கோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கோயிலை ஒரு மூலைக்கு நகர்த்திவிட்டார்கள். ரொட்டி பாய் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை என்றார்கள், அவரைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். மிச்சம் இருக்கிற குளங்களில் இந்தக் காலத்துப் பையன்கள் ராஜா பிடித்து, படம் எடுத்து, பின்னால் தெரிகிற இடத்தை மட்டும் அழித்துவிட்டுப் போனில் போடுகிறார்கள். ‘போர்ட் ரகசியம்’ என்று கீழே சிரிப்பு வேறு. அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், உன் பொண்டாட்டிக்காவது தெரியுமாடா என்று நாலு வார்த்தை கேட்கலாம்போல் வரும்.

போன மாதம் ஒரு மழை நாளில் என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகவில்லை. அவருக்கு மீன் கதை என்றால் உயிர். அப்பா கூடத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தார். நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“பம்பு கொட்டக லம்பம் தெரியுமா மாப்ள? இப்ப வீடா கட்டி வச்சிருக்கானுங்களே, அங்கதான். குஞ்சு கூட்டம் ஒண்ணு, தட்டு அகலத்துக்கு. ஆணும் பொண்ணுமா சுத்துது. என்கிட்ட ஒரு பொப்பரு, மல்லியோட நகப்பாலிசு பூசுனது. எறியலாம்னு கைய தூக்குறேன், அந்த நேரம் பாத்து எவனோ பெத்த புள்ள கரையில நின்னு கத்துது லா, அப்பா அப்பான்னு. நிறுத்தவே மாட்டேங்குது. மீன் கலைஞ்சிருமோன்னு எனக்கு ஒரே பயம். அப்படியே லாலானுக்குள்ள குந்திட்டேன். அது கத்தி ஓஞ்சி போற வரைக்கும் மூச்சு விடல. அப்புறம் எறிஞ்சேன் பாருங்க மாப்ள, அடிச்சிச்சி ஒரு அடி...”

மீனின் நீளத்தைக் காட்ட இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தார். நான் போய் முன்னால் நின்றேன்.

“நான்தான்பா அது.”

“எது?”

“கத்துன புள்ள. அம்மா அனுப்பி வந்தேன்.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், எழுந்து உள்ளே போய்விட்டார். அப்பாவின் கைகள் விரித்தபடியே நின்றன. பிறகு ஒவ்வொன்றாக மடியில் விழுந்தன. இத்தனை வருடமாக மீன் ஒரு பக்கம், அந்த நாள் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்தார் மனுஷன், இரண்டும் ஒரே நாள் என்பது அந்தக் கதையைச் சொல்லும்போது அவருக்கு ஞாபகமே வந்ததில்லை. “நீயா?” என்றார். நான் கீரையிடம் போனேன். நல்ல கீரையும் குப்பையோடு போனது.

மறுநாள் காலையில் வழக்கம்போல் கோப்பிக் கடைக்குக் கிளம்பிச் செருப்பைப் போட்டார். கேட் வரைக்கும் போனவர் அங்கேயே நின்றார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் திரும்பாமலேயே, “பாப்பா, எங்கன்னு கேளேன்” என்றார்.

நான் ஒரு சேலையை உதறினேன்.

“முக்கு கடைக்குத்தான்மா. கோப்பி குடிச்சிட்டு நேரா வந்துருவேன்” என்று தானே சொன்னார். பதில் வருமா என்று பார்த்தார். அப்புறம் “வாரேன்” என்றார்.

அன்றிலிருந்து தினமும் கேட்டில் நின்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். முடிவெட்டப் போறேன், கோயிலுக்குப் போறேன், மருந்து வாங்கப் போறேன். ‘போறேன்’ என்று சொல்லக்கூடாத வார்த்தையைக்கூடச் சொல்லுகிறார். அம்மா கேட்டிருக்க வேண்டியது, அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டியது. சொல்லட்டும். நான் இன்னும் கேட்கவில்லை.